பொன்முடிப் பாதையில் பீஃப் பட்டிமன்றம்

திருவனந்தபுரத்திலிருந்து மலையடிவாரம் வரை ஆளுக்கொரு கடையைச் சிபாரிசு செய்கிறார்கள். எது நல்ல கடை என்று தீர்மானிக்க நாக்கு மட்டும் போதாது.

பொன்முடிக்குப் போகிறேன் என்று திருவனந்தபுரத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மலை உச்சியில் மூடுபனி இருக்குமா, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கார் சமாளிக்குமா என்பதெல்லாம் அடுத்த பேச்சு. முதல் பேச்சு, போகிற வழியில் எங்கே பரோட்டாவும் பீஃபும் சாப்பிடப் போகிறீர்கள் என்பதுதான். நெடுமங்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை என்பார் ஒருவர். அங்கே மாஸ்டர் மாறிவிட்டார், விதுராவில் நிறுத்துங்கள் என்பார் அருகில் நிற்பவர். இதற்காக ஊரை விட்டுப் போக வேண்டுமா, சாலைக் கடைத்தெருவில் கிடைக்காததா என்று மூன்றாமவர் நுழைவார். ஆட்டோ ஸ்டாண்டில் தொடங்கும் இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவர் கிடையாது. எனவே தீர்ப்பும் கிடையாது.

நகரத்திலிருந்து பொன்முடி ஏறக்குறைய 55 கி.மீ. பேரூர்க்கடை, நெடுமங்காடு, சுள்ளிமானூர், விதுரா, கல்லார் என்று போகும் பாதை. கடல் மட்டத்தில் கிளம்புகிறவர் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறார். இந்த இரண்டு மணி நேரப் பயணத்தில் பீஃப் சமைக்காத ஊர் என்று ஒன்று கிடையாது. ஹோட்டல், காபி ஹவுஸ், ராத்திரித் தட்டுக்கடை, கள்ளுக்கடை, மலையடிவாரத்து ஓட்டுக் கட்டடம் என்று ஐந்தாறு வகைக் கடைகள். சிறு கடைகளில் பலவற்றுக்குப் பெயர்ப் பலகையைவிட அடையாளம்தான் முக்கியம்: பெட்ரோல் பங்குக்கு எதிரே, மசூதிக்குப் பின்னால், பாலத்துக்கு இந்தப் பக்கம். வகைவாரியாக ஒப்பிட்டால்தான் இந்தப் பாதையின் ருசி பிடிபடும்.

தட்டில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேரளத்தில் பீஃப் என்பது ஒரே மிருகத்தின் பெயரல்ல. பசு, காளை, எருமை எல்லாமே மெனு கார்டில் பீஃப்தான். கறிக்கடைக்குப் போனால் மட்டும் 'போத்து' என்று தனியாகச் சொல்வார்கள். அது எருமைக் கடா. போத்து இறைச்சி கருஞ்சிவப்பு, நார் தடிமன், கொழுப்பு குறைவு. உழைத்து ஓய்ந்த மாடும், கறவை நின்ற எருமையும்தான் பெரும்பாலும் வெட்டுக்கு வருகின்றன. ஆக, சமையல்காரர் கைக்கு வருவது பஞ்சு போன்ற இளங்கறி அல்ல. வயதான, விறைத்த, விலை மலிவான கறி. இந்தக் கறியை எப்படிப் பணிய வைப்பது என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம் பிறக்கிறது.

வழி ஒன்றுதான்: நேரம். தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் நிதானமான சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். விரலில் லேசாகப் பசை போல ஒட்டுகிறதே, அதுதான் இது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நார் சுருங்கி, கறி ரப்பராகிவிடும். பழைய கடைகளில் இஞ்சி, பூண்டு, மஞ்சள், மல்லி, மிளகாய், சோம்பு தூக்கலான மசாலா எல்லாம் பிசறி, அகலமான பாத்திரத்தில் காலையிலேயே வேக வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வற்றிய பிறகு இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய்க்கொத்து சேர்த்துப் புரட்டுவது இரண்டாம் கட்டம். நன்றாக வறண்டால் ஃப்ரை. மசாலா கெட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் ரோஸ்ட். வறுத்தரைத்த தேங்காயோடு ஓடினால் கறி. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே.

வறுத்தரைத்த தேங்காய் என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு வாயூறும். நியாயம்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்தவை. எல்லைக்கோடு வந்த பிறகும் அம்மிக்கல் மாறவில்லை. மார்த்தாண்டத்தில் சாப்பிடும் அதே மசாலா, பாறசாலையைத் தாண்டியதும் மலையாளத்தில் பரிமாறப்படுகிறது. அந்த மலையாளத்திலும் தமிழ் வாடை உண்டு. மற்ற மாவட்டங்களில் சேட்டன் என்றால், திருவனந்தபுரத்துச் சாதாரண ஜனங்களுக்கு அண்ணன்தான். "எந்தரு வேணும் அண்ணா?" என்று சப்ளையர் கேட்டால் நீங்கள் தமிழர் என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் எல்லோரையும் அப்படித்தான் கேட்கிறார்.

சிகாகோவில் ஒரு பங்காளி

கடினமான கறியை மெதுவாகச் சமைத்து, மாவுப் பண்டத்தோடு சேர்த்து, உழைப்பாளிக்குக் குறைந்த விலையில் கொடுக்கும் இந்தத் தந்திரம் கேரளத்துக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்கு 'இட்டாலியன் பீஃப்' என்ற சாண்ட்விச் எப்படியோ, திருவனந்தபுரத்துக்குப் பரோட்டா-பீஃப் அப்படி. 1865-ல் தொடங்கி 1971-ல் மூடப்பட்ட யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பிரம்மாண்ட கால்நடைச் சந்தை சிகாகோவை அமெரிக்காவின் கசாப்புக் கடையாக ஆக்கியிருந்தது. அங்கு குடியேறிய இத்தாலியத் தொழிலாளர்கள், மலிவான கறித் துண்டுகளை மசாலா நீரில் வாட்டி, காகிதம் போலச் சீவி, ரொட்டிக்குள் அடைத்து, சாற்றில் நனைத்துத் தின்னப் பழகினார்கள். கொஞ்சம் கறியை நிறையப் பேருக்குக் காட்ட வேண்டிய கல்யாண விருந்துகளில் இந்தச் சீவல் கைகொடுத்தது.

1938-ல் தொடங்கிய அல்ஸ், பிற்பாடு வந்த ஜானிஸ், மிஸ்டர் பீஃப், போர்ட்டில்லோஸ் என்று எந்தக் கடை உசத்தி என்று அங்கேயும் ஓயாத தகராறு. 2022-ல் வெளியான 'தி பேர்' தொலைக்காட்சித் தொடர் அப்படி ஒரு கடையைக் கதைக்களமாக்கி உலகம் முழுக்கப் புகழ் தேடித் தந்தது. ரொட்டி எவ்வளவு நனைய வேண்டும் என்று அங்கே ஆர்டரிலேயே சொல்ல வேண்டும். காய்ந்தது, ஈரமானது, முக்கி எடுத்தது. திருவனந்தபுரத்திலும் இதே கேள்விதான். பரோட்டாவின் மேல் சாற்றை ஊற்றலாமா, தனிக் கிண்ணத்தில் வேண்டுமா, சாறே வேண்டாமா? பதிலை வைத்து ஆளின் குணத்தையே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஃப்ரை மட்டும் ஆர்டர் செய்தாலும் பரோட்டாவுக்குச் சாறு இலவசமாக வந்துவிடும். சிகாகோவாசிகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

தம்பானூரில் ஒரு சுருள் கோபுரம்

பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து தம்பானூரில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது பஸ் நிலையத்தை ஒட்டி நிற்கும் செங்கல் நிறச் சுருள் கட்டடம். இந்தியன் காபி ஹவுஸ். பிரிட்டனில் பிறந்து கேரளத்தையே ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம். உள்ளே படிக்கட்டு கிடையாது; தளமே சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜைகள். செங்கல் இடுக்குத் துளைகள் வழியே காற்றும் பஸ் ஹாரன் சத்தமும் வருகின்றன.

காபி போர்டு வேலையை விட்டு நீக்கிய தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு நடத்திய நிறுவனம் இது. கேரளத்தின் முதல் கிளை 1958-ல் திருச்சூரில் திறந்தது. முதலாளி கிடையாது. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு உங்களுக்குப் பரிமாறுகிறவரே பங்குதாரர். பீட்ரூட் கலந்த சிவப்பு மசாலா தோசைக்குப் பிரபலமான இந்த இடத்தில் பீஃப் வகைகளும் கிடைக்கும். காரம் மிதம், எண்ணெய் அடக்கம், கறி மெத்தென்று இருக்கும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், பீஃப் முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கும் இதுதான் பாலபாடம். தீவிர ரசிகர்கள் மட்டும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி பத்தியமாக இருக்கிறதாம்.

அவர்களுக்கு வேண்டியது கிழக்கே கோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் இருக்கிறது. திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இந்த பஜாரில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் நிறைந்த தெரு என்பதால் சாப்பாட்டுக் கடைகளில் அளவும் காரமும் கூடுதல். தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தெரு ஏற்கனவே பழக்கமானது. ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' சிறுகதையின் நாயகர் கெத்தேல் சாகிப் நடத்திய கடை இங்கேதான். அது கோழிக்குப் பேர்போன கடை. நம் பந்தயத்தில் சேராது. ஆனால் சாப்பிடுகிறவனை அவன் பையிலிருக்கும் காசை வைத்து எடை போடாத கடை என்ற பெருமை இந்தத் தெருவுக்கு உண்டு என்பதால் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சாலைத் தெருவின் பலம் ரோஸ்ட். கெட்டிச் சாறு பரோட்டாவின் அடுக்குகளுக்குள் இறங்கிவிடும். பலவீனம், மதிய நெரிசல். கூட்டம் கூடும்போது வறட்டுகிற நேரம் குறைந்து, ஃப்ரை என்று கேட்டவருக்கும் ரோஸ்ட்டே வருகிறது.

பாளையம் வேறு ரகம். ஜும்மா மசூதியும் புனித ஜோசப் தேவாலயமும் கணபதி கோயிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் சந்திப்பு. கன்னிமாரா மார்க்கெட், பல்கலைக்கழகம், சட்டமன்றம் எல்லாம் கூப்பிடு தூரம். இந்த வட்டாரத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் ருசி கொடி கட்டிப் பறக்கிறது. அல்ஃபாம், ஷவர்மா, குழிமந்தி என்று அரபுப் பெயர்கள் ஒளிரும் பலகைகளுக்கு நடுவே பீஃப் ஃப்ரை ஏழைச் சொந்தக்காரர் மாதிரி மெனுவின் அடியில் இருக்கிறது. ஆனால் அடிக்கடி தீர்ந்துபோவது அதுதான்.

இருட்டிய பிறகு தட்டுக்கடைகள். நாலு சக்கர வண்டி, ஒரு பல்பு, ஒரு தோசைக்கல். தட்டுத் தோசை என்று சொல்லப்படும் குட்டித் தோசையோடு பீஃப் கறி சாப்பிடுவது திருவனந்தபுரத்தின் ராத்திரிச் சடங்கு. பகலெல்லாம் அடுப்பில் இருந்த கறி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பதத்துக்கு வருகிறது என்று கட்சி கட்டுகிறவர்கள் உண்டு. அதில் விஞ்ஞானமும் இருக்கிறது. ஆனால் மறுநாளைக்கும் அதே கறி வந்தால் விஞ்ஞானம் வேறு திசையில் வேலை செய்யும். கூட்டமில்லாத தட்டுக்கடையில் உட்கார வேண்டாம்.

வாழையிலையில் பரோட்டாவையும் பீஃபையும் பொட்டலம் கட்டி ஆவியில் வைக்கும் கிழி பரோட்டா சில ஆண்டுகளாகப் புது மோஸ்தர். இலை வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொறுமொறுப்பாக அடித்து எடுத்த பரோட்டாவை மறுபடி ஊற வைப்பானேன் என்று பரோட்டா மாஸ்டர்களுக்கு வருத்தம் வரலாம்.

சந்தையும் சரித்திரமும்

நகரத்தை விட்டு நெடுமங்காடு ரோட்டில் ஏறும்போது வெள்ளயம்பலம் சந்திப்பில் ஒரு சிலை. வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி. தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்றிருந்த பொதுப்பாதையில் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். 18 கி.மீ. தள்ளியிருக்கும் நெடுமங்காட்டுச் சந்தைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. மலைச்சரக்கு குவியும் அந்தச் சந்தைக்குள் நுழைந்து பண்டம் வாங்கும் உரிமை ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1912-ல் அய்யன்காளி தன் ஆட்களோடு உள்ளே நுழைந்தார். அடிதடி நடந்தது. ஆனால் உரிமை கிடைத்தது.

சாப்பாட்டுக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இந்த மண்ணில் அடிபட்டு வாங்கிய விஷயம் என்பதற்காகத்தான். 1917-ல் சகோதரன் அய்யப்பன் செறாயியில் பல ஜாதிக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து சமபந்தி போஜனம் நடத்தியபோது ஊரே கொந்தளித்தது. திருவிதாங்கூரில் கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. இன்று நெடுமங்காட்டில் ஒரு பீஃப் கடைக்குள் போனால் ஒரே நீள பெஞ்சில் மிளகு வியாபாரியும், ரப்பர் பால் வெட்டுகிறவரும், காலேஜ் மாணவியும், வக்கீல் குமாஸ்தாவும் தோளுரசி உட்கார்ந்திருப்பார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று தட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. மெட்ராஸிலோ மதுரையிலோ பீஃப் கடை என்றால் ஒரு பேட்டையின், ஒரு சமூகத்தின் கடை என்ற பார்வை இன்னும் முழுக்கப் போகவில்லை. மறைத்துப் பார்சல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதும் அதே பண்டம் பொதுச்சொத்தாகிவிடுகிறது. திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழர் முதலில் ஆச்சரியப்படும் விஷயம் ருசியல்ல, இதுதான்.

ருசிக்கும் வருவோம். நெடுமங்காட்டின் ஃப்ரை இந்தப் பாதையின் ராஜா. காரணம் எளிது. சந்தை ஊர் என்பதால் காலையிலேயே வாடிக்கையாளர் வந்துவிடுகிறார்கள். வைத்த கறி அன்றே காலியாகிவிடும். மிளகும் மசாலாச் சாமான்களும் உள்ளூர்ச் சரக்கு. துண்டுகள் பொடியாக, சுண்டுவிரல் நக அளவில் இருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரியும். தேங்காய்க்கொத்து பழுப்பேறிக் கடிபடும். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் தெளிந்த எண்ணெய் மட்டும் நிற்கும். கறுப்பாக இருந்தால்தான் நல்ல ஃப்ரை என்பது மூடநம்பிக்கை. கறுப்பு என்றால் பெரும்பாலும் மசாலா தீய்ந்திருக்கிறது, அல்லது பழைய கறி மறுபடி சட்டி ஏறியிருக்கிறது. காப்பித்தூள் நிறம்தான் சரி.

மரவள்ளியும் மழையும்

சுள்ளிமானூரைத் தாண்டினால் ரப்பர்த் தோட்டங்கள். ஊர்களுக்கிடையே கள்ளுக்கடைகள் வருகின்றன. இங்கே கறி, குடிக்கு வந்தவரின் நாக்கை உசுப்பவே சமைக்கப்படுகிறது. எனவே மிளகாயும் உப்பும் எல்லை மீறுகின்றன. கண்ணில் நீர் வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிடுவதில் சுகம் காண்கிறவர்களுக்கு உகந்தது. கறியின் ருசியைத் தேடுகிறவர்களுக்கு அல்ல.

விதுராவில் பரோட்டா பின்னால் போய், கப்பை முன்னால் வருகிறது. கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைத் திருவிதாங்கூர் முழுக்கப் பயிரிட ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போர்க் கால அரிசிப் பஞ்சத்தில் ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். மஞ்சளும் தேங்காயும் சேர்த்து மசித்த சுடுகப்பையின் மேல் பீஃப் கறி ஊற்றிச் சாப்பிடும்போது, பரோட்டா என்பது பிற்பாடு வந்த பட்டணத்துச் சரக்கு என்று புரிகிறது. தோட்டத் தொழிலாளிக்கு மதியம் வரை பசி தாங்கும் சாப்பாடு இது.

கல்லாரிலிருந்து மலை தொடங்குகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் வெள்ளாரங் கற்களுக்கிடையே ஆறு ஓடுகிறது. அடிவாரக் கடைகள் சின்னவை. மழை நாளில் சட்டியிலிருந்து ஆவி பறக்க வரும் பீஃபுக்கும் கட்டன் சாயாவுக்கும் ஈடில்லை. ஆனால் இங்கே கடையின் தரத்தை வானிலை நிர்ணயிக்கிறது. சுற்றுலாப் பயணிகள் குவியும் ஞாயிற்றுக்கிழமை கறி புதுசு. புதன்கிழமை போனால், எப்போது வைத்தது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். வளைவுகளைக் கடந்து உச்சிக்குப் போனால் பச்சைப் புல்மேடும், வந்து வந்து போகும் மேகமும்தான். சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியைத் தவிர சாப்பாட்டுக்கு அதிக வழியில்லை. வயிற்றுக் கவலையை அடிவாரத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 22 வளைவு ஏறுவது அதைவிடப் பெரிய கவலை.

தட்டுக்கு வந்த சோதனை

இந்தத் தட்டு டெல்லிவரை போய் வம்பில் மாட்டியிருக்கிறது. 2015 அக்டோபரில் டெல்லியிலுள்ள கேரள அரசு விருந்தினர் மாளிகையான கேரளா ஹவுஸ் கேண்டீனில் பசு இறைச்சி பரிமாறுகிறார்கள் என்று யாரோ புகார் சொல்ல, போலீஸ் உள்ளே நுழைந்தது. பரிமாறப்பட்டது எருமை இறைச்சி. அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி பிரதமருக்குக் கண்டனம் தெரிவித்தார். கொஞ்ச நாளில் மெனுவில் அது திரும்ப இடம்பிடித்தது.

2017 மே 23-ம் தேதி மத்திய அரசின் புதிய விதிகள் வந்தன. சந்தைகளில் மாடு, எருமை, ஒட்டகம் ஆகியவற்றை வெட்டுக்காக விற்கக் கூடாது. கேரளம் கொதித்தது. ஊருக்கு ஊர் பீஃப் விருந்துப் போராட்டங்கள். ஜூன் 8-ல் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடியது. அன்று காலை சட்டமன்ற கேண்டீனில் பீஃப் ஃப்ரை சாப்பிட்டுவிட்டே உறுப்பினர்கள் பலர் அவைக்குள் போனார்கள். முதல்வர் பினராயி விஜயன் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்க்கட்சியான காங்கிரஸ் அணியும் ஆதரித்தது. அவையில் பாஜகவின் ஒரே உறுப்பினரான ஓ. ராஜகோபால் எதிர்த்தார்.

விதிகளுக்கு முதலில் தடை விதித்தது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் ஜூலையில் நாடு முழுமைக்கும் விரித்தது. தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கேரளத்துக்கு மாடுகள் பெருமளவு வெளி மாநிலங்களிலிருந்துதான் வருகின்றன. செவ்வாய், வியாழக்கிழமைகளில் கூடும் பொள்ளாச்சிச் சந்தை முதல் எல்லையோரத்துச் சின்னச் சந்தைகள் வரை பல ஊர் விவசாயிகளுக்குக் கேரள வியாபாரிதான் வாடிக்கையாளர். உழவுக்கும் கறவைக்கும் உதவாத மாட்டை விற்று அந்தப் பணத்தில் கன்று வாங்குகிறார் தமிழக விவசாயி. அந்த மாடு நெடுமங்காட்டில் ஃப்ரையாகிறது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் இரண்டு பக்கமும் அடுப்பு அணையும்.

ஆனால் அரசாங்க உத்தரவைவிடச் சத்தமில்லாத ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. விலை. கறியும், எண்ணெயும், எரிவாயுவும் ஏறுகின்றன. பரோட்டா இன்னும் சில்லறைக் காசில் கிடைக்கிறது. ஆனால் பீஃப் தட்டு சிறுத்துக்கொண்டே வருகிறது, அல்லது விலை ஏறிக்கொண்டே போகிறது. பல கடைகளில் தொழிலாளிகள் நாலு பரோட்டா வாங்கி, இலவசச் சாற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். குளிர்சாதன ஓட்டல்களில் அதே பீஃப் வாழையிலைச் சுருளில், பித்தளை உருளியில், பாரம்பரியம் என்ற பெயரில் மூன்று மடங்கு விலைக்கு வருகிறது. மலிவான கறியை நல்ல சாப்பாடாக்கிய கைப்பழக்கம் அதைக் கண்டுபிடித்தவர்களின் கைக்கு எட்டாமல் போனால், அது எந்தத் தடையையும்விடப் பெரிய நஷ்டம்.

எனவே நம் தீர்ப்பு இது. நிதானமாக உட்கார்ந்து பேச தம்பானூர் காபி ஹவுஸ். ரோஸ்ட்டுக்குச் சாலைக் கடைத்தெரு. ராத்திரிக்குத் தட்டுக்கடை. கப்பையோடு சாப்பிட விதுரா. மழைக்குக் கல்லார். ஒரே ஒரு இடம்தான் என்றால் நெடுமங்காடு, அதுவும் சந்தை நேரத்தில். அங்கே எந்தக் கடை என்றும் சொல்லிவிடலாம்: மூட்டை இறக்கியவர் கை கழுவிவிட்டு, விலையைக் கேட்காமல் ஒரு முழுத் தட்டு ஃப்ரை சொல்கிற கடை.